வக்கீல் வைக்கச் சொன்ன டிரைவர்

பந்தல்குடி ரோட்டில் சைக்கிளில் போன என்னை இடித்துத் தள்ளிய பருத்தி லாரியின் டிரைவர் அவர். ஒல்லியான ஆள். காக்கிச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டிருப்பார். பேசும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தபோதும், மாவுக்கட்டுப் போட்ட என் காலைப் பார்த்தேதான் பேசினார்.

வைத்தியச் செலவைத் தானே ஏற்றுக்கொள்வதாகவும், கேஸ் வேண்டாமென்றும் லாரி முதலாளி முந்தின நாள்தான் ஆள் அனுப்பியிருந்தார். பெரிய இடத்துப் பகை எதற்கு என்று என் மனைவி பயந்தாள். நானும் சம்மதிக்கத்தான் இருந்தேன்.

“ஒத்துக்கிறாதீக. மதுரையில நல்ல வக்கீலா வைங்க,” என்றார் டிரைவர்.

“கேஸு போட்டா உங்க வேலைக்குல்ல ஆபத்து?”

“கால் நேராகலைன்னா உங்க வீட்டுல யாரு சம்பாதிப்பா? லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கு, நஷ்டஈடு அதுலருந்து வந்துரும். கோர்ட்டுக்கு அலையணுமேன்னு முதலாளி தட்டிக்கழிக்காரு.”

வக்கீல் வைத்தேன். விசாரணையில் முதலாளியின் வக்கீல் டிரைவரைக் கூண்டில் ஏற்றி, “சைக்கிள்தானே குறுக்கே வந்தது?” என்று கேட்டார்.

“இல்லைங்கய்யா. அவுக ஓரமாத்தான் போனாக. நான்தான் கண்ணசந்துட்டேன்.”

எனக்கு நஷ்டஈடு கிடைத்தது. அவருக்கு வேலை போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். சாட்சி சொன்ன அன்று, நான் கம்பை ஊன்றிக் கோர்ட் படியிறங்குவதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டிருந்தார். மனசு உறுத்தித்தான் சொன்னாரா, முதலாளி மேல் ஏதும் கோபமா, எனக்குத் தெரியாது. லாரி இடித்ததைப் பார்த்த ரோட்டோரக் கடைக்காரர்களில் ஒருவர்கூடச் சாட்சி சொல்ல வரவில்லை என்பது மட்டும் தெரியும்.