சிரிப்பாயிக்குப் பதினெட்டு டிகிரி

நாமக்கல்லில் இருந்து மோகனூர் போகும் சாலையில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணை இருக்கிறது. அதன் மூன்றாம் செட்டுக்கு, அதாவது மூன்றாம் கொட்டகைக்கு, பொறுப்பு கோகிலவாணி. வயது நாற்பத்தாறு. பத்தொன்பது கோடைகளை அந்தச் செட்டில் கடத்தியிருக்கிறார். கடத்துவது என்பது பண்ணைக்காரர்களின் சொல். மே மாதம் வெயில் நாற்பதைத் தாண்டும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் கூண்டு கூண்டாகச் சாயும். சாயவிடாமல் ஜூன் மழை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதைத்தான் கடத்துவது என்கிறார்கள்.

செட்டின் கதவில் ஓர் அட்டை தொங்கும். காலை வெப்பம், மதிய வெப்பம், குடித்த தண்ணீர், செத்த கோழி என்று தினமும் எழுத வேண்டும். ஏழு செத்தால் நாலு என்று எழுதிவிட்டு, மிச்சம் மூன்றை அடுத்தடுத்த நாட்களில் பிரித்துப் போடும் ஆட்கள் உண்டு. கோகிலவாணி அட்டையில் ஏழு என்றால் ஏழு. ஒருமுறை அவர் தண்ணீரைப் பனிபோலத் தெளிக்கும் ஃபாகர் குழாயைத் திறக்க மறந்து இருபத்திரண்டு கோழி செத்தபோது, பக்கத்திலேயே 'நான் மறந்தது' என்று எழுதினார். முதலாளி திட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மற்ற செட்டுகளின் அட்டையைச் சரிபார்ப்பார், மூன்றாம் செட்டின் அட்டையை வெறுமனே படிப்பார்.

கோகிலவாணியின் மகள் சண்முகப்பிரியாவுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. போன மார்ச்சில் கம்பெனி அவளை மூன்று மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. போகும்முன் காரில் ஒரு கண்ணாடித் தொட்டியும், தண்ணீரைக் குளிரவைக்கும் சின்ன மெஷினும், தெர்மோகோல் பெட்டிக்குள் ஒரு பிராணியுமாக ஊருக்கு வந்து இறங்கினாள்.

பிராணியின் பெயர் ஆக்சலாட்டல். சாலமாண்டர் இனம், தவளைக்கு ஒருவகையில் சொந்தம். முக்கால் அடி நீளம், வெளிர் ரோஜா நிறம், நாலு குட்டிக் கால். கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்பு இறகுபோல மும்மூன்று செவுள்கள் வெளியே ஆடிக்கொண்டிருக்கும். ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே வாழும். அதன் பூர்வீகம் குளிர்ந்த ஏரி. மகள் முதல் சம்பளம் வாங்கிய மாதம் வீட்டுக்கு வந்தது, நாலு வருடமாக அவளோடு இருக்கிறது. அதன் வாய் எப்போதும் சிரிப்பதுபோலவே இருந்ததால் கோகிலவாணி பார்த்தவுடன் சிரிப்பாயி என்று பெயர் வைத்தார். அது ஆண் என்று மகள் சொன்னாள். பெயர் மாறவில்லை.

"பெங்களூர்ல ஒரு கடைக்காரரு பாத்துக்கறேன்னாரும்மா. அங்க விட்டுட்டுப் போக மனசு வரல. ஆனா நம்மூரு வெயிலுக்கு இது தாங்காது. தண்ணி பதினெட்டுல இருக்கோணும். இருவதத் தாண்டுனா சீக்கு வந்துரும்."

"நாப்பதாயிரம் கோழியக் கோடை கடத்தறவ நானு. ஒத்தப் பல்லியக் கடத்தமாட்டனா? கடைக்காரனா உனக்கு ஒசத்தி?"

"பல்லி இல்லீம்மா."

"என்னவோ ஒண்ணு. ஜூன் பத்தாந்தேதி வருவீல்ல, வந்து கையில வாங்கிக்க."

இப்படித்தான் வாக்குக் கொடுத்தார். மகள் விமானம் ஏறிய அன்றே தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் ஒரு அட்டை தொங்கியது. தண்ணீர் வெப்பம், மாற்றிய தண்ணீர், தின்ற புழு. செத்தது என்ற கட்டத்தை மட்டும் அவர் வரையவில்லை.

ஏப்ரல் நன்றாகவே போனது. ஊரே குறை சொல்லும் போர் தண்ணீரின் கடினத்தன்மை சிரிப்பாயிக்குப் பிடித்துப்போயிற்று. அதில் பாதியும், குளோரின் வாசம் போக ஒரு நாள் திறந்துவைத்த காவிரித் தண்ணீர் பாதியுமாகக் கலந்து ஊற்றினார். பண்ணை எருக்குழியில் புழு கொழுகொழுவென்று இருந்தும் தொடவில்லை, அங்கே கோழி மருந்து இறங்கியிருக்கும் என்பதால். வாழைத் தோட்டத்தில் தோண்டி, அலசி, ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கூட வேலை செய்யும் மாரக்காளுக்கு இது தீராத வேடிக்கை.

"ஏனக்கா, உன்ற மருமவனுக்கு இன்னிக்கு என்ன விருந்து?"

"மண்புழு. உனக்கும் ரண்டு கொண்டாரட்டா?"

மே இரண்டாம் தேதி பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. செட்டுக்கு ஜெனரேட்டர் இருந்தது, வீட்டுக்கு இல்லை. வேலை முடிந்து அவர் வந்து பார்த்தபோது தொட்டித் தண்ணீர் இருபத்தேழு. ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். நாலாம் தேதி காலையில் சிரிப்பாயியின் இடது செவுளில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. பூசணம். புழுவைக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோழிப்பண்ணையில் பூசணம் என்றால் யோசிக்க எதுவும் இல்லை. கை தானாக மயில்துத்தம் என்ற நீல உப்புக்குப் போகும். குடிதண்ணீரில் அளவாகக் கலந்துவிட்டால் கோழி தேறிவிடும். சீக்கு எதுவானாலும் தண்ணீரில் ஏதாவது கலப்பதுதான் அங்கே வைத்தியம். மகளிடம் கேட்கலாம் என்று கோகிலவாணிக்குத் தோன்றாமல் இல்லை. ஜெர்மனியில் அப்போது விடிந்திருக்காது. அதோடு, கேட்டால் இருபத்தேழைச் சொல்ல வேண்டிவரும். மிளகளவு துத்தத்தை ஒரு மக்கில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார்.

கால் மணி நேரம் ஆகவில்லை. சிரிப்பாயி கண்ணாடியில் மோதி மோதித் திரும்பியது. செவுள்கள் முன்னால் சுருண்டன. மேலே வந்து காற்றைக் கவ்வியது, மறுபடி அடியில் விழுந்தது. கோகிலவாணி ஈரக் கையால் அதை அள்ளி, அடுத்த நாளுக்காகத் திறந்துவைத்திருந்த பக்கெட் தண்ணீரில் விட்டார். அதிலும் துத்தம் ஒட்டி வந்திருக்கும் என்று நினைத்து, இன்னொரு பக்கெட்டுக்கு மாற்றினார். ஐஸ் பாட்டிலை உள்ளே இறக்கிவிட்டுப் போனை எடுத்தார்.

"கண்ணு, எந்திரி. சிரிப்பாயிக்குத் துத்தம் போட்டுட்டேன்."

 "எவ்வளவும்மா?"

"மொளகளவு. இப்ப வேற தண்ணில இருக்குது. முந்தாநேத்துக் கரண்டு போயித் தண்ணி இருவத்தேழு ஆயிருச்சு. அதையும் உன்றகிட்டச் சொல்லுல."

"அம்மா, அதுக்குத் தோலெல்லாம் வாய் மாதிரி. தண்ணில என்ன இருந்தாலும் உள்ள இழுத்துக்கும். கோழின்னா கொஞ்சமாத்தான் குடிக்கும், இது அதுலயே கெடக்குது. இனி எதையும் சேக்காதீங்க. தண்ணிய மட்டும் மாத்துங்க. குளுந்த தண்ணி, தெனமும், முழுசா."

"பொழைக்குமா சாமி?"

"தெரியலீங்கம்மா."

அன்றைய அட்டையில் கோகிலவாணி எழுதினார்: 'துத்தம் போட்டேன். என் தப்பு.'

பிறகு வேலையில் இறங்கினார். துத்தம் தொட்ட தண்ணீர், மணல், ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் களைந்தார். தொட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவிக் காயப்போட்டார். சிரிப்பாயி ஒரு பிளாஸ்டிக் டப்புக்குக் குடிபோனது. அந்த டப்பைக் குளிராக வைக்கும் வேலையைக் கணவர் காளிதாஸ் எடுத்துக்கொண்டார். அவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார், ஐஸ்கிரீம் வண்டிக்கு நாலு பக்கமும் வெளிச்சூடு புகாத பஃப் பேனல் அடைப்பது அவருடைய கைவேலை. பேனலில் வெட்டி எறிந்த துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, இரண்டே நாளில் ரப்பர் விளிம்பு வைத்த கதவோடு ஒரு பெட்டி அடித்தார்.

"ஏனுங்க, வண்டிக்கு அடிக்கறாப்ல கொக்கியெல்லாம் போட்டிருக்கறீங்க?"

"பின்ன? சரக்கு கெடாம போய்ச் சேரோணுமல்ல."

டப்பை உள்ளே வைத்து, நாலு ஐஸ் பாட்டில்களைப் பக்கத்தில் அடுக்கினால் தண்ணீர் பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நின்றது. கரண்ட் போனாலும் நின்றது. காலை ஐந்து மணிக்கு ஒரு தடவை பாட்டில் மாற்றம், மதியச் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்து ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தினமும் முழுத் தண்ணீரும் புதுசு, ஆனால் அதே குளிரில். மகள் பிறகு விசாரித்துச் சொன்னபடி, அயோடின் இல்லாத கல்லுப்பைத் தனிப் பாத்திரத்தில் அளந்து கரைத்த தண்ணீரில் காலையும் மாலையும் பத்து நிமிடம். பதினோராவது நிமிடத்துக்கு அவர் விட்டதில்லை. பஞ்சு மூன்றாம் நாள் உதிர்ந்தது. கூடவே இடது பக்கச் செவுள் இறகுகளும் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றன. அட்டையில் தின்ற புழு என்ற கட்டத்தில் ஐந்து நாள் பூஜ்யம்.

"விட்டுத் தொலைக்கா," என்றாள் மாரக்காள். "நாப்பதாயிரத்துல தெனமும் ரண்டு சாகுது. இது ஒண்ணு."

"அங்க ரண்டு செத்தாலும் நாப்பதாயிரம் இருக்குது. இது செத்தா எதுவும் இல்ல."

 அன்று மதியம் கோகிலவாணி வீட்டுக்குக் கிளம்பியபோது, "ஃபாகர நான் பாத்துக்கறேன், மெதுவா வா" என்றாள் மாரக்காள்.

ஆறாம் நாள் சிரிப்பாயி அரைப் புழு தின்றது. அட்டையில் அரை என்றே எழுதினார். பத்தாம் நாள் இரண்டு. மே கடைசியில் குச்சிகளின் நுனியில் சிவப்பாக ஏதோ துளிர்த்தது. முதலில் ரத்தக்கசிவு என்று பயந்தார். காளிதாஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மொளைக்குதுடி" என்றார். இந்த இனத்துக்கு இழந்த உறுப்பு திரும்ப வளரும் என்பதை மகள் போனில் சொன்னாள். வெளியே நாற்பத்தொன்று, செட்டுக்குள் முப்பத்துநாலு, சிரிப்பாயியின் பெட்டிக்குள் பதினெட்டு. அந்த மாதம் மூன்றாம் செட்டில் எப்போதும்போலச் சாவு குறைவு.

ஜூன் பத்தாம் தேதி சண்முகப்பிரியா வந்தாள். பையைக்கூட இறக்காமல் பெட்டியின் கொக்கியைத் தட்டிக் கதவைத் திறந்தாள். சிரிப்பாயி மூக்கை நீட்டிக்கொண்டு வந்தது. இடது செவுள் வலதைவிடக் கொஞ்சம் குட்டை, ஆனால் நல்ல சிவப்பு. அவள் நெடுநேரம் குனிந்து நின்றாள். பிறகு ஆணியில் இருந்த அட்டைகளை எடுத்து மார்ச்சிலிருந்து படித்தாள். மே நாலில் விரல் நின்றது.

"இதையும் எழுதியிருக்கறீங்க."

"நடந்துச்சு. எழுதுனேன்."

"நான் போன்ல கேட்டதோட சரி. எழுதலீன்னா வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அட்டைக்குத் தெரியோணுமல்ல," என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி புழு அலசப் போனார்.

மகள் அத்தனை அட்டைகளையும் படம் எடுத்து, ஆக்சலாட்டல் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினாள். நாமக்கல் மே மாதத்தில் பதினெட்டா என்று முதலில் நம்பாதவர்கள்தான் அதிகம். மே இரண்டின் இருபத்தேழையும் மே நாலின் வரியையும் பார்த்த பிறகு நம்பினார்கள். சிரிப்பாயி பெங்களூருக்குத் திரும்பவில்லை. "அங்க இவ்வளவு நல்ல பெட்டி இல்லீம்மா" என்று மகள் தனியாகப் போனாள்.

இப்போது கோகிலவாணியின் போனுக்குத் திருச்சி, கோவை, ஓசூர் என்று அழைப்பு வருகிறது. போன வாரம் திருச்சியிலிருந்து ஒருவர் பதற்றமாகப் பேசினார். செவுளில் வெள்ளையாகப் பஞ்சு, என்ன மருந்து போடட்டும் என்று கேட்டார். கோகிலவாணி அப்போது செட்டுக்குள் இருந்தார். கூண்டு வரிசையிலிருந்து கண்ணை எடுக்காமலே, காதில் போனை இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"மருந்த அந்தாண்ட வைங்க. தண்ணி இப்ப எத்தன டிகிரி, அத மொதல்ல பாத்துச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறேன்."