வெளிக்கிடுங்கோ

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். சங்கரன்கோவிலில் எங்கள் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தக் கோபத்தைக் கடல் தாண்டியும் கொண்டுபோனேன் என்பதுதான் கேவலம்.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. ஆறு வயதில் அப்பா அம்மாவோடு படகேறி அகதியாக வந்தவள். இங்கேயே படித்து, என்னைக் கட்டிக்கொண்டு, இப்போது என்னைவிட நன்றாக 'வாரேன், போறேன்' என்று பேசுகிறாள். பெற்றவர்கள் இங்கேயே காலமாகிவிட்டார்கள். பிறந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அங்கே தனியாக இருக்கிற பெரியம்மா கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போன வருடம்தான் கிளம்ப முடிந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் டீக்கடையில் சேக்காளி ஒருத்தன், "ஏலே, மாமியா வீட்டு எடத்த நல்லா அளந்து பாத்துட்டு வா. ஒத்தப் பொண்ணுல்லா!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அவள் பிறந்த வீடு ஓட்டு வீடு. சுவரில் குண்டு பட்ட இடங்களைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று பெரியம்மா என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சண்டையில் தன் வீடு தரைமட்டமான பிறகு, தங்கையின் இந்த வீட்டில்தான் அவர் இருக்கிறார். மனைவி ஒவ்வொரு கதவாகத் தொட்டுப் பார்த்து அழுதாள். நான் வேலியோரமாக ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "எத்தன சென்ட் இருக்கும்?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி ஆறுவதற்குள் இதைக் கேட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தில் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பழக்கம் மட்டும் இல்லை.

"நாலு பரப்பு, தம்பி."

"பரப்புன்னா எம்புட்டு?"

பெரியம்மா அடுக்களைக்குள் போய்விட்டார். முகம் சுருங்கினது போலத் தெரிந்தது. ராத்திரி சாப்பிடும்போதும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் மனைவி கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். நான் முன்பக்கம் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா வாசலில் வந்து நின்று, "தம்பி, வெளிக்கிடுங்கோ. நேரம் போகுது" என்றார்.

வெளியே போ என்றுதான் என் காதில் விழுந்தது. அவ்வளவுதான், தாம்தூம் என்று குதித்தேன்.

"யாரப் பாத்து வெளிய போகச் சொல்லுதீங்க? சொத்துக் கேட்டா நாங்க வந்தோம்? ஊருல எனக்கும் தறி ஓடுது!"

உள்ளே போய்ச் சட்டைகளைப் பையில் திணித்தேன். மனைவி ஈரத் தலையோடு ஓடிவந்தாள். "ஏட்டி, கெளம்பு. ஒங்க பெரியம்ம நம்மள வெளிய போகச் சொல்லிட்டாவ" என்றேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னேன். என் கையிலிருந்த பையைப் பிடுங்கி வைத்தாள்.

"வெளிக்கிடுங்கோன்னா இங்கன பொறப்படுங்கன்னு அர்த்தம். உங்கள நாலு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு, நம்ம கொண்டுவந்த சேலையக் கட்டிட்டு நிக்காவ."

அப்போதுதான் அவர் என்ன கட்டியிருந்தார் என்பதே எனக்கு உறைத்தது. எங்கள் தறியில் ஓடின சேலை. என் மாமியாரும் இந்த வார்த்தையை என் எதிரில் நூறு தடவை சொல்லியிருப்பார். 'சாப்டீங்களா' என்பதற்கு மேல் அவரிடம் நான் காது கொடுத்ததில்லை.

"சொத்துன்னு ஏன் சொன்னீங்க? அந்தப் பேச்ச யாரும் எடுக்கலியே" என்றாள்.

வெளியே வந்தேன். பெரியம்மா படியில் உட்கார்ந்திருந்தார். மன்னிச்சிருங்க என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவரே எழுந்துவிட்டார்.

"கோவிக்காதேங்கோ தம்பி. வீடு பிள்ளையின்ரதான். தாய்க்குச் சீதனமாக் குடுத்தது. நான் காவலுக்குத்தான் இருக்கிறன். நேற்று நீங்கள் பரப்புக் கேக்கேக்கையே யோசிச்சனான். நீங்கள் சொன்னால் நான் வெளிக்கிடுறன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ராத்திரி முழுக்க அந்த மனுஷி, எங்கே போவது என்று யோசித்திருக்கிறார். விடிந்ததும் புதுச் சேலை கட்டி என்னைக் கூட்டிப்போகவும் நின்றிருக்கிறார்.

மனைவி அவரைக் கட்டிக்கொண்டு, "நீங்கள் ஓரிடமும் போகவேண்டாம் பெரியம்மா. இது உங்கட வீடு" என்றாள். எங்கள் வீட்டில் இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவள் இப்படி இந்த ஊர்த் தமிழில் பேசி நான் கேட்டதில்லை. நானும் தலையை ஆட்டினேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை.

அன்றைக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போனோம். மனைவி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் பெரியம்மா என்னைக் காட்டி, "எங்கட மருமகன். நல்ல மனுசன்" என்று சொன்னார். சொல்லும்போதெல்லாம் என் முகத்தைப் பயந்து பயந்து பார்த்துக்கொண்டார்.