பிரசங்க பீடத்தைவிட்டு இறங்கியவர்

கடையில் யூரியா மூட்டை இறக்கிக்கொண்டிருந்தோம். நம் சபைச் செல்வியிடமிருந்து போன் வந்தது. "சார், ஐயா போயிட்டாங்க" என்றார். எதிரே நின்ற விவசாயி எத்தனை மூட்டை வேண்டுமென்று இரண்டு தடவை சொன்னார். எனக்குக் காதில் விழவில்லை. கடையைச் சாத்திவிட்டு, பாபநாசத்திலிருந்து ஐயா இருந்த வலங்கைமான் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது.

போதகர் ஞானராஜ் ஐயா நம் சபையில் பதினோரு ஆண்டுகள் இருந்தார். அத்தனை ஆண்டும் நான்தான் செயலாளர். உங்களில் பலர் அவரை என்னைவிட அதிகம் நேசித்தீர்கள். அவரை அதிகம் நோகடித்தவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வந்த முதல் வருடம் நம் சபைப் பெரியவர் ஏசடியான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஐயா ஒரு திருமணத்தை நடத்திவைக்கத் திருவாரூர் போயிருந்தார். கட்டிலைச் சுற்றி நாங்கள் பதினைந்து பேர் நின்றோம். "யாராச்சும் ஜெபம் பண்ணுங்கப்பா" என்று ஏசடியான் கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஐயா வந்துகிட்டிருக்காங்க" என்று சொன்னவன் நான். ஐயா வந்து சேர்ந்தபோது அவர் உயிர் பிரிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு ஐயா பிரசங்கம் செய்யவில்லை. பீடத்தைவிட்டு இறங்கி பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றார். "முப்பது வருஷமா ஆலயத்துக்கு வர்றோம். சாகப்போற மனுஷனுக்கு ஒரு வார்த்தை ஜெபிக்க நமக்கு வரலை. தப்பு உங்க மேல இல்லைங்க. எல்லாத்தையும் போதகரே செய்வார்னு உங்களைப் பழக்கிவச்சிருக்கோமே, அதுதான் தப்பு" என்றார். பாதியிலேயே அழுதுவிட்டார்.

பிறகு சபையைத் தெருவாரியாக ஆறு வீட்டுக் கூட்டங்களாகப் பிரித்தார். அங்கே பிரசங்கம் கிடையாது. ஒரு பகுதியை வாசிக்க வேண்டும். புரிந்ததை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அந்த வாரம் அதில் எதைச் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் செய்தோமா இல்லையா என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவருக்கு அனுபவப்பட்ட ஒருவர் துணை. நோயாளியை முதலில் கூட்டத்தார் போய்ப் பார்ப்பார்கள், ஐயா பிறகு வருவார். அவர் சனிக்கிழமைதோறும் அந்த ஆறு கூட்டங்களையும் நடத்துபவர்களோடு உட்கார்ந்து வேதம் படித்தார். மாதத்தில் இரண்டு ஞாயிறு பீடத்தையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். "நான் வராத அன்னைக்கும் சபை சபையா இருக்கணும்" என்பார்.

எங்கள் தெருவுக்கு அவர் தேர்ந்தெடுத்தது செல்வியை. நடவு வேலைக்கும் களை எடுக்கவும் போகிறவர். உரக்கடை முதலாளி, சபைச் செயலாளர், நான் அவர் முன்னால் பாயில் உட்கார்ந்து வேதம் கேட்பதா? வெட்கத்தோடு எழுதுகிறேன், அதுதான் என் கோபம். ஆனால் திருச்சபைத் தலைமைக்கு எழுதிய மனுவில் அதைச் சொல்லவில்லை. போதகர் தன் வேலையைச் சபையார் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று எழுதினேன். ஒன்பது பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அவரைத் தஞ்சாவூருக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

விசாரணை முடிந்து நேராகக் கடைக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. "சார், நீங்க எழுதினதுல ஒண்ணு நிஜம். உங்ககிட்ட எல்லாம் உட்கார்ந்து பேசாம அவசரப்பட்டுட்டேன். அது என் தப்பு. மன்னிச்சுக்குங்க" என்றார். நான் பில் புத்தகத்தைப் பார்த்தபடியே தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. ஐயா அப்போது ஊரில் இல்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு முதல் பஸ்ஸில் செல்வியும் இன்னும் நான்கு பேரும் வந்து இறங்கினார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் செல்வி என் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். நகக்கண்ணில் சேறு காய்ந்திருந்தது. பத்து நாட்கள் முறை வைத்துக்கொண்டு அவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி இன்று கோலூன்றி நடக்கிறாள். அதற்குப் பிறகு நான் செல்வி வீட்டுப் பாயில் உட்கார்ந்தேன்.

ஆனால் ஐயாவிடம் மட்டும் மன்னிப்பு என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. சிறுநீரகம் பழுதாகி அவர் படுத்துவிட்ட பிறகு, போன மாதம் சொல்லிவிடும் முடிவோடு போனேன். கட்டிலருகே ஒரு மணி நேரம் இருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். குறுவை எப்படி என்றார். பரவாயில்லை என்றேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "வந்ததுக்கு சந்தோஷம் சார்" என்றார். நான் வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். திரும்பி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் செல்வி என் வீட்டுக்கு வந்தார். "நம்ம கூட்டம் பெருசாயிடுச்சு சார், இடம் பத்தலை. பாதிப் பேரை நீங்க எடுத்துக்கணும்."

"என்னைய எதுக்கும்மா?"

"ஐயாதான் சொன்னாங்க, ஆஸ்பத்திரியில. சார்கிட்ட கொடுங்க, அவர் பத்திரமாப் பாத்துப்பார்னு."

செல்வி போன பிறகு என் மனைவி மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அழுதோம்.

ஐயாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது செல்வி பிரித்துக் கொடுத்த அந்தப் பதினோரு பேர்தான். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அவர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். பாய் விரித்து, வேதத்தைத் திறந்து, முதல் வசனத்தை நான் வாசிக்க வேண்டும். குரல் உடையாமல் வாசிக்க முடியுமா என்று தெரியவில்லை.