முன் இருக்கை

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் உடனே எடுத்துவிடுவார். எடுக்காவிட்டால் யார் வீட்டுப் பிள்ளையாவது ரோட்டில் நிற்கும் என்பார். அந்தப் பழக்கம்தான் குடியைக் கெடுத்தது.

அன்று வந்தது வீடியோ அழைப்பு. திரையில் துணியில்லாமல் ஒருத்தி. இவர் பதறி அணைப்பதற்குள் முகத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். சற்று நேரத்தில், இவர் ரசித்துப் பார்ப்பதுபோல் ஒட்டுப்போட்ட வீடியோ வந்தது. பணம் அனுப்பாவிட்டால் ஃபேஸ்புக் நண்பர்கள் அத்தனை பேருக்கும் போகுமாம். நண்பர்கள் யார்? வேனில் வரும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்தான். பேர் கெட்டால் வேன் ஓடாது. வேலியில் போன ஓணானை இவர் எடுத்து விட்டுக்கொள்ளவில்லை; ஓணான் தானே வந்து ஏறிக்கொண்டது.

என்னிடம் வந்து சொன்னார். முதலில் நன்றாகத் திட்டினேன். பிறகு போலீஸுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பணம் கொடுத்தால் மறுபடி கேட்பான், கொடுக்காதீர்கள் என்றார்கள். கொடுக்கவில்லை. நாங்களே வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னோம். சொல்லவே வாய் கூசியது. எல்லோரும் நல்லவிதமாகத்தான் பேசினார்கள். "உங்களைத் தெரியாதாண்ணே, விடுங்க" என்று ஒரு அம்மா குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

அவன் சொன்னபடியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டான்.

மறுநாள் வழக்கம்போல வண்டி எடுத்தோம். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்குத் தினமும் அடிதடி நடக்கும், முறை வைத்துத்தான் உட்கார வைப்பேன். அன்று தண்ணீர் கொடுத்த அம்மாவின் மகள் முறை. முன் கதவைத் திறந்தேன்.

"பின்னாடியே உட்காரட்டும்க்கா, முன்னாடி வெயில் அடிக்குது" என்றார் அந்த அம்மா. வானம் மூடிக்கிடந்தது.

அடுத்த வாசலில், முன்னால் உட்கார்ந்தால் பையனுக்குத் தலை சுற்றுமாம். அதற்கடுத்த வீட்டில் காரணமே சொல்லவில்லை. ஒருத்தரும் பிள்ளையை நிறுத்திக்கொள்ளவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். யாரைப் பிடித்து என்ன கேட்பது?

பின்னாலிருந்து ஒரு சின்னவள், "மாமா, இன்னைக்கு முன்னாடி யாரு?" என்று கேட்டாள். அவர் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பொறுக்க முடியாமல் நானே போய் முன்னால் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அவர் வண்டியை எடுக்கவில்லை.

"பின்னாடி பிள்ளைங்களை யாரு பார்த்துக்குவா?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். இறங்கிப் பின்னால் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன்.