ஆகாயத்துக்கும் பாடு பிரித்தவர்கள்

“தெரியுதா?” என்று கூரை மேலிருந்து ஒரு குரல் கேட்கும். “தெரியல” என்று கீழே அறைக்குள்ளிருந்து பல குரல்கள் பதில் சொல்லும். ஆண்டெனாக் குழாய் கிறீச்சிடும். மறுபடியும் மேலிருந்து, “இப்ப?” எண்பதுகளில் எங்கள் குப்பத்து இளைஞர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் இப்படித்தான் தொடங்கின. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்திட்டு அது. சென்னை ஒளிபரப்பு அங்கே முழுசாக வந்து சேராது. காற்று திரும்பினால் ஆண்டெனாவும் திரும்பிக்கொள்ளும். கூரையில் நின்று அதைச் சரிசெய்பவர் என் அக்காவின் கணவர். படம் தெளிந்த பிறகும் அவரால் உடனே இறங்க முடியாது. கையை எடுத்தால் படம் போய்விடும். அதனால் எல்லோரும் வாரம் தவறாமல் பார்த்த அந்த வெளிநாட்டு விண்வெளித் தொடரில் பாதியை அவர் பார்த்ததே இல்லை, காதால் கேட்டதோடு சரி.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஊர் அவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்டது. மீஞ்சூர்ப் பக்கத்து ஆள். சங்கக் கட்டடத்துக்கு ஒயரிங் செய்ய வந்தவர், என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டார். சாதி வேறு. என் நைனா சில மாதங்கள் அவரிடம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பேசினார். மாமாவை அடக்கமானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உரக்கச் சிரிப்பார். கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்வார். பாடிக்கொண்டிருக்கும் ரேடியோவைக்கூட, ‘உள்ள இன்னா இருக்குனு பாக்கறேன்’ என்று திறந்துவிடுவார். அவருக்கு ஊரிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஏரியில் பாடு பிரிக்கப் போடும் சீட்டில் அவருடைய பெயரும் இருக்க வேண்டும்.

ஏரியில் இறால் ஓடும் இடங்களை வகுத்து, எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பதற்குத்தான் எங்கள் பக்கத்தில் பாடு என்று பெயர். சீட்டில் பெயர் இருப்பவன் தன் முறைக்குத் தன் வலையைக் கட்டலாம். இல்லாதவன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போக வேண்டும், அல்லது கரையோரச் சேற்றில் கையால் தடவிப் பிடிக்க வேண்டும். ஊரில் பிறந்த ஆணுக்குக் கல்யாணம் ஆனதும் பெயர் சேர்ந்துவிடும். ஊரில் பெண் எடுத்தவனுக்குச் சேராது. வருஷா வருஷம் சீட்டுப் போடுகிற காலத்தில் நைனா போய் என் மாப்பிள்ளைக்கும் ஒரு சீட்டு போடுங்கள் என்று கேட்பார். பார்க்கலாம் என்பார் ஊர்த் தலைவர். அந்த ஒரு சொல்லை நம்பி அக்கா தன் கம்மலை விற்று வலை வாங்கி வைத்திருந்தாள். வலை வீட்டு மூலையில் தண்ணீர் படாமல் கிடந்தது.

தொடருக்கு வருகிறேன். அது ஆங்கிலத்தில் ஓடியது. அறையில் இருந்தவர்களில் அது புரிந்தவர்கள் சொற்பம். நான் அப்போது சென்னையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவன், சனிக்கிழமை மாலை ஊருக்கு வந்துவிடுவேன். என் கண்ணுக்கு முதலில் பட்டவை அட்டைச் சுவர்களும், குண்டு விழும்போதெல்லாம் நடிகர்கள் ஒரே பக்கமாகச் சாய்வதும்தான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது. பல நிறத்து மனிதர்கள், மனிதரே அல்லாதவர்கள்கூட, ஒரே கப்பலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அதை யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் பையன்கள் பார்த்தது வேறு. அவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி, அதில் ஒருவன், அவன் சொன்னதை மற்றவர்கள் செய்கிறார்கள். அதைவிட வேறெதுவும் அவர்களுக்குப் புரியத் தேவைப்படவில்லை.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ஓர் ஆங்கில இதழில், வெளிநாட்டில் ஆடுகிற புது மாதிரி ஆட்டம் ஒன்றைப் பற்றிப் படித்தேன். ஒருவர் கதை சொல்வார்; மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி, தான் என்ன செய்கிறேன் என்று சொல்வார்கள்; நடந்ததா இல்லையா என்பதைக் காய் உருட்டி முடிவு செய்வார்கள். இதைச் சங்கத்தில் சொன்னேன். அடுத்த வாரமே தொடங்கிவிட்டது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சங்கச் செயலாளர் கதை சொன்னார். காய்க்குப் பதில் பித்தளைத் தாயக்கட்டை. ஆறும் பன்னிரண்டும் விழுந்தால் காரியம் நடக்கும்; தாயம் விழுந்தால் ஆடுபவன் கேட்டது கேட்டபடி நடக்கும், கதை சொல்பவர் வாய் திறக்கக் கூடாது. எல்லோருக்கும் கேப்டன் ஆக ஆசை. ஆகவே ஊருக்குத் தெரிந்த வழியில் அதைத் தீர்த்தார்கள். பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டார்கள். பெயர் வந்தவன் அன்றைக்குச் சங்கத்தின் ஒரே இரும்பு நாற்காலியில் உட்காருவான். மற்றவர்கள் பாயில். விளையாட்டுதானே என்று மாமாவின் சீட்டையும் டப்பாவில் போட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டு மாமாவுக்கு வந்தது. நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, “இஞ்சின் ரூம், இன்னாபா சத்தத்தையே காணோம், தூங்கறியா?” என்று தொடங்கினார். அறை சிரித்தது. தொடரைக் காதால் கேட்டே பழகியவர் என்பதால் கப்பலின் ஒவ்வொரு ஒலியையும் வாயாலேயே எழுப்பினார். செயலாளர் கப்பலை முழுக்கத் தண்ணீராக இருந்த ஒரு கிரகத்தில் இறக்கினார். பிறகு நடந்ததை நான் இன்றுவரை அருவருப்போடுதான் நினைக்கிறேன். எங்கள் ஆட்கள் ஜன்னல் வழியே அந்தக் கடலைப் பார்த்ததும் செய்த முதல் காரியம் பாடு பிரித்தது. வடக்கே உனக்கு, தெற்கே எனக்கு, முகத்துவாரம் முறை வைத்து. அங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. இருக்கிறார்கள், பச்சையாக, செதிலோடு இருக்கிறார்கள் என்று செயலாளர் சொன்னதும் துப்பாக்கியைத் தேடினார்கள்.

மாமா கட்டையைக் கையில் எடுத்தார். “கேப்டன் உத்தரவு. பாடு பிரிக்கறதா இருந்தா எல்லார் பேரும் போடு. இங்க இருக்கறவன் பேரும் சேத்து” என்று சொல்லி உருட்டினார். தாயம் விழுந்தது.

பையன்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். அப்போது வாசலில் தலைவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. நாற்காலியைப் பார்த்தார், பாயில் இருந்தவர்களைப் பார்த்தார். அந்த டப்பாவுக்குள் மாப்பிள்ளையின் சீட்டு எப்படி வந்தது என்று செயலாளரிடம் கேட்டார். விளையாட்டுதான் பெரியப்பா என்றார் செயலாளர். தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. “வெளயாட்டுல ஒரு தபா போட்டாச்சுனா, நெசத்துல ஏன் போடலனு கேப்பான். சாட்சி யாரு? நீங்கதான்” என்றார். மாமா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் அங்கே இல்லாதது போல இதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் புது விதி வந்தது. கேப்டன் சீட்டு, பாடு உள்ளவர்களுக்கும் நாளை கல்யாணமானதும் பாடு வரப்போகிறவர்களுக்கும் மட்டும். மாப்பிள்ளைக்கு நிரந்தரமாக இஞ்சின் அறை. அந்த வேலைக்கு அவரைப் போல ஆள் இல்லை என்று செயலாளர் பாராட்டி வேறு பேசினார். நான் எழுந்து, இது கேவலம் என்று சொன்னேன். கல்யாணம் ஆகாதவன் பேச்சு என்று ஒருவன் சொல்ல, அதற்கும் சிரித்தார்கள். யாரும் மாமாவைத் திட்டவில்லை. டீ வரவழைத்து முதல் கிளாஸை அவர் கையில் கொடுத்தார்கள். என் தொண்டையில் இன்றும் நிற்பது அந்த டீ. அடித்து விரட்டியிருந்தால் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். மாமா டீயைக் குடித்து முடித்து, “ஆகாயத்தையும் உங்க தாத்தாதான் வெட்டி வுட்டாரா?” என்று கேட்டார். கோவிச்சுக்காத மாப்பிள்ளை, இது சும்மா ஆட்டம் என்று முதுகில் தட்டினார்கள். சும்மா ஆட்டம் என்றால் ஏன் விதி என்று அவர்களில் ஒருவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆட்டத்தை நான் விடவில்லை. இப்போது சென்னையில் எங்கள் அடுக்ககத்து இளைஞர்களோடு ஆடுகிறேன். பல முகமுள்ள பிளாஸ்டிக் காய்கள், வண்ண வரைபடங்கள், தடிமனான விதிப் புத்தகங்கள். இதில் யார் வேண்டுமானாலும் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் அங்கிள் என்று ஒரு பெண் எனக்கு விளக்கினாள். நல்ல பெண். நான் தலையாட்டினேன். பிறகு அவர்கள் ஒரு புதுக் கிரகத்தில் இறங்கினார்கள். முதல் ஐந்து நிமிடமும் சுரங்கம் யாருக்கு, துறைமுகம் யாருக்கு என்ற பேச்சுதான். கற்பனை மனிதனை விரிக்கும் என்று எழுதுகிறவர்களின் வாக்கியங்களை நான் பல வருஷம் பிழை திருத்தியிருக்கிறேன். எழுத்துப் பிழைதான் என் வேலை என்பதால் விட்டுவிட்டேன். இதற்கிடையில் எனக்குக் கல்யாணம் ஆனபோது, ஊரில் யாரும் கேட்காமலே என் பெயர் பாடு பிரிக்கும் சீட்டில் சேர்ந்தது. நான் வலையைக் கையால் தொட்டவன் இல்லை.

அந்த விதி வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். தொடர் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி, திரை முழுக்கப் புள்ளியாகிவிட்டது. எல்லாத் தலைகளும் மாமாவின் பக்கம் திரும்பின. அவர் வாசல் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“மாப்பிள்ள, ஏறி லேசா திருப்பி வுடேன்” என்றார் செயலாளர்.

“இன்னிக்கு யார் பாடு?” என்று கேட்டார் மாமா.

செயலாளர் நியாயஸ்தர். அது சரி, ஒரே ஆளை ஏற்றுவது தப்பு, சீட்டுப் போடுவோம் என்று காகிதத்தைக் கிழித்தார். பேர்களை எழுதினார், மடித்தார், பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். மாமா எழுந்து வந்து டப்பாவை வாங்கிப் பாயில் கவிழ்த்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தார். கூரை ஏறுவதற்கான சீட்டில் அவரையும் சேர்த்திருந்தார்கள். ஒரு துண்டில் ‘மாப்பிள்ளை’ என்று இருந்தது. மற்ற எல்லாத் துண்டுகளிலும் பெயர்கள்.

“இது யாரு?” என்றார்.

“நீதான்பா.”

“எம் பேர் இன்னா?”

செயலாளர் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். அவன் அடுத்தவனைப் பார்த்தான். அவர் பிடித்த படத்தைத்தான் அவர்கள் இத்தனை வருஷமும் பார்த்திருந்தார்கள். அவர் சரிசெய்து கொடுத்த ரேடியோக்களைக் கேட்டிருந்தார்கள். அவரோடு ஒரே படகில் போயிருந்தார்கள். பெயர் யாருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். மாமா கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

“சொல்லாத. இவங்களுக்கு இன்னாத்துக்கு அது.”

அந்த மாதமே அவரும் அக்காவும் மீஞ்சூருக்குக் குடிபோனார்கள். தண்ணீர் படாத வலையை நைனா பாதி விலைக்கு விற்றுக் கொடுத்தார். மாமா ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தார். அங்கே சட்டைப் பையில் பெயர் தைத்துக் கொடுத்தார்கள். என் ஊர்க்காரர்கள் சிலர் இன்னும் பத்திரிகை படிக்கிறார்கள், இதையும் படிப்பார்கள். அதனால்தான் அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.