லூர்துராஜ் எழுதிய பாறை

மழை பிடித்துக்கொண்டால் லூர்துராஜ் குடை தேடுவதில்லை. காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டு விடுதியின் பின்பக்கச் சாமான் அறைக்கு ஓடுவார். சுவர் விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. போன ஐப்பசியிலிருந்து இருபத்திரண்டு கோடுகள் ஆகிவிட்டன.

சேரப்பணஞ்சேரிக்கு அருகே, குன்றுச் சரிவில் நான்கு மாடி எழுப்பிய பெண்கள் விடுதி அது. கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்வரும் நூற்றெண்பது பெண்கள். என் மகள் பிரவீனாவும் ஒருத்தி. லூர்துராஜ் அங்கே வாட்ச்மேன். ஐம்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் ஜெபமாலையும் பாக்குப் பொட்டலமும் சிக்கிக் கிடக்கும். யாரைக் கண்டாலும் "சாப்ட்டியா?" என்பார்; பதிலுக்கு நிற்க மாட்டார். மழை வலுத்தால் மட்டும் தட்டைக் கரண்டியால் அடித்து எல்லாரையும் வெளியே வரவைப்பார். ஷிப்டு முடிந்து தூங்குகிற பிள்ளைகள் நனைந்தபடி நின்று திட்டும். மனுஷனுக்குக் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். போன மாதம் சண்டைக்கே போனேன்.

அவர் கோபப்படவில்லை. "இந்த எடத்துக்கு மண்ணு டெஸ்ட் பண்ணவனே நான்தான் சார்" என்றார்.

இருபத்தாறு வருடம் அவருக்கு அதுதான் தொழில். கட்டடம் வருமுன் தரையில் குழாயை இறக்கி, மேலிருந்து இரும்புக் குண்டைப் போட்டு அடிப்பார்கள். ஐம்பது முறை அடித்தும் குழாய் இறங்காவிட்டால் பாறை என்று எழுதுவார்கள். அதற்குப் பிறகும் குடைந்து பார்ப்பதுதான் முறை.

"கடைசிக் குழி. பாறைய கொடையற பிட்டு தேஞ்சி போச்சி. நாலு மீட்டர்ல பாறைன்னு எய்திட்டு வண்டி ஏறிட்டேன்."

மறு வருடம், விடுதி எழும்பியபின், பக்கத்துச் சரிவைக் கிராவலுக்காக வெட்டினார்கள். வேடிக்கை பார்க்கப் போன லூர்துராஜ் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சிவந்த களிமண்ணுக்கு நடுவே ஆட்டோ அளவுக்கு ஒரு கருங்கல் உருண்டை. அதற்குக் கீழே மறுபடியும் களிமண்.

"தண்ணி வெடிப்புல எறங்கி எறங்கி கல்ல மாவாக்கிடும் சார். நடுவுல உருண்ட மட்டும் கெட்டியா நிக்கும். நான் அடிச்சது இந்த மாரி ஒரு உருண்டயத்தான். அப்பல்லாம் மய பொறுமையா பேயும். இப்ப ஒரு மாசத்து மய ஒரே நாள்ல கொட்டுது. அந்தக் களி எத்தினி நாளு தாங்கும்?"

வேலையை விட்டுவிட்டு இங்கே வாட்ச்மேனாகச் சேர்ந்தார். நிர்வாகியிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவர் எழுதிய தாளையே எடுத்து நீட்டினார்களாம். பாறை என்று எழுதிக் கீழே லூர்துராஜின் கையெழுத்து. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நான் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதினேன், ரசீது மட்டும் வந்தது. மகளுக்கு மறைமலை நகரில் வேறு அறை பிடித்தேன். மற்ற நூற்று எழுபத்தொன்பது பேருக்கு என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மாலை அவள் பெட்டியை எடுக்கப் போனேன். நிர்வாகி ரகுபதி, சுவரில் பூசும் புட்டி மாவு ஒரு மூட்டையோடு நின்றிருந்தார்.

"வெரிசல் மொத்தத்தையும் அடச்சிடு. இனிமே பொண்ணுங்கள எழுப்பின கம்ப்ளெயின்டு வரக் கூடாது. முடியாதுன்னா இப்பவே கெளம்பு."

லூர்துராஜ் மூட்டையைத் தூக்கிக்கொண்டார். நான் பின்னாலேயே போய், எதற்கு இதற்கு ஒத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் வேலய உட்டு பூட்டா அதுங்கள யாரு சார் எழுப்புவாங்க?"

புட்டி குழைத்தார். கீழிருந்து மேலாக விரிசலை அடைத்தார். இருபத்திரண்டு தேதிகளும் வெள்ளைக்குள் போயின. கையைக் கழுவிவிட்டு, கேட் அறையிலிருந்த தன் கட்டிலை இழுத்து வந்து அந்தச் சுவரை ஒட்டிப் போட்டார். படுத்து, ஈரம் காயாத புட்டியில் காதை அழுத்தி வைத்துக்கொண்டார்.