ஆணின் கழுத்தில் தாலி வரைந்த தவமணி

தவமணி இறந்துவிட்டாள் என்று பாண் விற்க வரும் திரீவீலர்க்காரன் சொன்னபோது நான் நம்பவில்லை. அவன் நேற்றுச் சுட்ட பாணை இன்று சுட்ட ரொட்டி என்று விற்கிறவன். செருப்பை மாட்டிக்கொண்டு உக்குவளைச் சந்திவரை நானே போய்ப் பார்த்தேன். வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். ஒரு துணியில் யாரோ அவள் பெயரை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் எழுத்து பெரிது. கடைசி எழுத்து இடமில்லாமல் நசுங்கிக் கிடந்தது. அப்போதுதான் நம்பினேன். உயிரோடு இருந்தால் அப்படி ஓர் எழுத்தைச் சந்தியில் தொங்க விட்டிருப்பாளா?

அவளை அறிந்த உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஓவியத்தைப் பற்றி என்னைவிட விவரமாகச் சொல்ல மாத்தளையில் ஆளில்லை. ஏனென்றால் நானே ஓர் ஓவியத்தில் இருக்கிறேன்.

தவமணி கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவள். பலாபத்வலையிலிருந்து உக்குவளைவரை அவள் தூரிகை படாத கடை குறைவு. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏணியில் நிற்பாள். கீழே ஆண்கள் பிளேன்டீயோடு நின்று, எப்போது விழுவாள் என்று பார்ப்பார்கள். கலியாணம் செய்துகொள்ளாதவள் என்பதால் ஊருக்கு அவள்மேல் சந்தேகம். எனக்கிருந்தது வேறு சந்தேகம். தையல்காரன் மாதிரி ஆளை அளந்து பார்க்கிற கண் அவளுக்கு. அளவெடுத்தால் எதையோ தைக்கப்போகிறாள் என்றுதானே அர்த்தம்?

வேலையில்லாத நேரத்தில் பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகையில் தன் சொந்தப் படங்களை வரைவாள். அவற்றில் எதுவும் அதுவாக இருக்காது. அம்மிக்கல்லுக்கு மீசை முளைத்திருக்கும். கொழுந்துக்கூடையோடு ஒரு பெண் மலையேறுவாள். கூடைக்குள் அவள் புருஷன் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். இதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

“சந்தேகத்தோட பாருங்கண்ணே. நம்பிப் பாத்தா அது வெறும் காலண்டர்” என்றாள்.

தமிழர் கடைகளை எரித்த எண்பத்து மூன்றாம் வருடக் கலவரத்தில் நான் வேலை செய்த மிளகுக் கடையும் எரிந்தது. முகர்ந்தே எந்தத் தோட்டத்து மிளகு என்று சொல்லும் என் மூக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் மனைவி சரோஜா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியே அவள் பொறுப்பில் இருப்பதாக ஊரில் சொல்லி வைத்தேன். வீட்டில் சமைக்க, துவைக்க ஆள் வருவதாகவும் சொன்னேன். அந்த ஆள் நான்தான். பின்கதவைச் சாத்திவிட்டுச் சோறாக்குவேன். மகள் மாலாவுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவேன். பிறகு மீசையை முறுக்கிக்கொண்டு முன்வாசலால் வெளியே வருவேன்.

ஒருநாள் தவமணியின் கொட்டகையில் ஒரு படம் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்படியில் ஓர் ஆண் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறான். சோற்றுப்பானைதான் கிரீடம், அகப்பைதான் செங்கோல். மேலே ஓர் ஏரோபிளேன். அதன் வாலிலிருந்து நீண்டு வந்த மஞ்சள் கயிறு அவன் கழுத்தில் தாலியாகத் தொங்குகிறது. மீசை என் மீசை.

“யார் இந்த ஆளு?” நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏண்ணே, தெரிஞ்சவர் மாதிரி இருக்கா?”

“இத வெளிய மாட்டுனா நடக்கிறதே வேற!”

“மாட்டத்தான் போறேன்” என்றாள். மாட்டியும்விட்டாள்.

அந்த வாரமே பொலிசார் வந்து அவளையும் படத்தையும் கொண்டுபோனார்கள். ஏரோபிளேன் குண்டு போட வருவதாம். கழுத்துக் கயிற்றில் தொங்குவது வடக்கே சண்டை போடும் இயக்கப் பொடியன்கள் மாட்டும் நஞ்சுக்குப்பியாம். அந்த வருடங்களில் அப்படிப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதமாட்டேன். இந்தக் காலத்தையும் நான் நம்பவில்லை.

தேநீர்க்கடை ராசு என் முன்னால் கிளாஸை டக்கென்று வைத்தான். “என்ன மாமா, சொன்னத செஞ்சி காட்டிட்டீங்களே” என்றான். கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. சத்தியமாக நான் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் நம்ப ஒருவரும் இல்லை. எனக்கோ ராசுமேல்தான் சந்தேகம். இன்றும் உண்டு.

மாலா பள்ளி விட்டு வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். பிள்ளையோடு வருகிறவனை உள்ளே தள்ளக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்பது என் கணக்கு. ராசுவும் அவன் கூட்டாளிகளும் பின்னாலேயே வந்து ஜன்னலோரமாக நின்றார்கள். பிக்கு விகாரையில் பணை உபதேசம் ஓதுவது போன்ற சுத்தமான சிங்களத்தில் நான் இன்ஸ்பெக்டரிடம் பேசினேன். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

“மாத்தயா, அது குப்பி இல்லீங்க. தாலி.”

“எந்த ஆம்பளடா தாலி போட்டிருக்கான்?”

ஜன்னலைப் பார்த்தேன். ராசு காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். மூலையில் பெஞ்சில் தவமணி. ஆளை அளக்கும் அவள் கண் அன்று தரையை அளந்துகொண்டிருந்தது.

“நான்தான் மாத்தயா. என் சம்சாரம் குவைத்துல வீட்டு வேல செய்யிறா. அவ அனுப்புறதுலதான் நாங்க சாப்பிடுறோம். சோறாக்குறது, துவைக்கிறது, புள்ளைக்கிச் சடை பின்னுறது எல்லாம் நான். அந்த ஏரோபிளேன்ல போனது அவதான்.”

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், என் மீசை அப்படி. மாலாவின் தலையைக் காட்டி, “பின்னு பாப்போம்” என்றார்.

ரிபனை அவிழ்த்தேன். சீப்பு இல்லை. விரலாலேயே வகிடு எடுத்து, இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டினேன். இரண்டும் தேர்வடம் மாதிரி நின்றன.

“இறுக்காதீங்கப்பா, வலிக்கிது! காலையில பின்னுன மாதிரி பின்னுங்க” என்று மாலா சிணுங்கினாள்.

அந்த ஒரு சொல்தான் சாட்சி. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று எனக்குச் சல்யூட் அடித்தார். சல்யூட் இல்லை, தொப்பியைத்தான் சரிசெய்தார் என்று ராசு இன்னும் சொல்லித் திரிகிறான். ஜன்னலுக்கு வெளியே நின்றவனுக்கு என்ன தெரியும்?

தவமணியையும் படத்தையும் விட்டுவிட்டார்கள். ரோட்டுக்கு வந்ததும் கேட்டேன்: “உண்மைய சொல்லு. அது நான்தானே?”

“நீங்கதான் உள்ள சொல்லிட்டீங்களேண்ணே. இனிமே நான் மாத்த முடியுமா?” என்று பலகையை என் தோளில் ஏற்றிவிட்டாள்.

அதை அடுப்படியில் மாட்டினேன், பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டே. சரோஜா திரும்பி வந்தபோது படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். “கயிறு ஒங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு” என்றாள். பிறகு மெல்ல, “கனமா இருந்துச்சா?” என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால் அழுவாள். “பூ மாதிரி” என்றேன்.

தவமணியின் செத்தவீட்டில் எனக்கு முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மீசையையும் உற்றுப் பார்த்தேன். படத்தில் இருப்பது என் மீசைதானா என்று சந்தேகமாகத்தான் இருக்கிறது.

மாலா இப்போது கார்மென்ட் பக்டரியில் சூப்பர்வைசர். செத்தவீடு முடிந்து வந்த அன்று, அவள் புருஷன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்து நின்றான். “மாமா, இது யாரு? என்னையவா வரைஞ்சிருக்காங்க?” என்று கேட்டான். குரலில் அத்தனை சந்தேகம்.

தவமணியிடமிருந்து எனக்கு வந்த சொத்து ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையும் ஒரு கேள்வியும். பலகையைக் கொடுக்க இன்னும் மனமில்லை. கேள்வியைக் கொடுத்தேன்.

“ஏன் மாப்பிள்ள, தெரிஞ்சவர் மாதிரி இருக்கா?”